எம்சிபி அடிக்கடி விழுதா? பெரிசா மாத்திடாதீங்க

இந்த வாரம் ஏஐ பத்தியும் இல்லை, அப்ரைசல் பத்தியும் இல்லை. நம்ம கிச்சன் சுவத்துக்குள்ள ஓடுற வயரைப் பத்திப் பேசப் போறோம்.

காரணம், நம்ம லிஸனர் ஒருத்தர் அனுப்பின வாய்ஸ் நோட். பள்ளிக்கரணையில வாடகை ஃபிளாட். மூணு மாசக் கைக்குழந்தை. பேரனைப் பார்த்துக்க அம்மா திருநெல்வேலியில இருந்து வந்திருக்காங்க. காலையில ஆறரை மணிக்கு அந்த வீட்டு கிச்சன்ல எல்லாம் ஒண்ணா ஓடும். இண்டக்‌ஷன்ல அம்மா பால் காய்ச்சுறாங்க, கெட்டில்ல வெந்நீர் கொதிக்குது, மைக்ரோவேவ்ல குழந்தையோட பால் பாட்டில் ஸ்டெரிலைஸ் ஆகுது. டப்புனு ஒரு சத்தம், கிச்சன் முழுக்க கரண்ட் இல்லை. தினமும் இல்லை, வாரத்துல மூணு நாலு நாள்.

எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டிருக்கார். அவர் வந்து போர்டைப் பார்த்துட்டு, "இது பதினாறு ஆம்பியர் சார். முப்பத்திரண்டு போட்டுட்டா அப்புறம் விழவே விழாது"ன்னு சொல்லியிருக்கார். வாய்ஸ் நோட்டோட கடைசிக் கேள்வி: "ப்ரோ, போட்டுடலாமா?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். போடாதீங்க. அந்த எலெக்ட்ரீஷியன் சொன்னது பொய் இல்லை. 32 போட்டா நிஜமாவே விழாது. பிரச்சினையே அதுதான். ஏன்னு புரிஞ்சிக்க கொஞ்சம் கணக்கு போடணும். பயப்படாதீங்க, பத்தாம் வகுப்பு அறிவியலுக்கு மேல எதுவும் இல்லை.

ஒரு விஷயம் தெளிவா சொல்லிக்கிறேன். நான் படிச்சது இன்ஜினியரிங், வேலை பார்க்கிறது சாஃப்ட்வேர்ல. லைசென்ஸ் வாங்கின எலெக்ட்ரீஷியன் கிடையாது. இந்த எபிசோடைக் கேட்டுட்டு யாரும் ஸ்க்ரூ டிரைவரைத் தூக்க வேண்டாம். கணக்கு நாம போடலாம், போர்டைத் திறக்கிற வேலை அவங்களோடது.

எம்சிபி யாரைக் காப்பாத்துது?

டிபி பாக்ஸ்ல வரிசையா நிக்கிற அந்தச் சின்ன ஸ்விட்சுகள்தான் எம்சிபி. நிறைய பேர் அது மிக்சியையோ ஃப்ரிட்ஜையோ காப்பாத்துதுன்னு நினைக்கிறாங்க. இல்லை. அது காப்பாத்துறது சுவத்துக்குள்ள இருக்கிற வயரை.

ஒவ்வொரு வயரும் இவ்வளவு கரண்ட்தான் தாங்கும்னு ஒரு அளவு இருக்கு. அது அந்தச் செம்புக் கம்பியோட தடிமனைப் பொறுத்தது. நம்ம வீடுகள்ல பொதுவா லைட், ஃபேனுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பவர் பாயின்ட்டுக்கு 2.5, ஏசி, கீசருக்கு 4. இந்த 2.5 வயர் பைப்புக்குள்ள போகும்போது தாங்குறது சுமாரா 20 ஆம்பியர் வாக்குல. ஒரே பைப்புல பத்து வயரைத் திணிச்சிருந்தாலோ, சித்திரை வெயில்ல சுவரே கொதிச்சாலோ அதுவும் குறையும். அந்த வயருக்கு மேல இருக்கிற பிவிசி உறை 70 டிகிரி வரைக்கும்தான் நிம்மதியா இருக்கும். அதுக்கு மேல வருஷக்கணக்கா சூடானா உறை காய்ஞ்சு, விறைச்சு, வெடிக்க ஆரம்பிக்கும்.

ஜூல் வெப்ப விதி ஞாபகம் இருக்கா? கம்பியில உண்டாகிற வெப்பம், கரண்ட்டோட இருமடிக்கு ஏத்த மாதிரி கூடும். கரண்ட் ரெண்டு மடங்கானா சூடு நாலு மடங்கு. மூணு மடங்கானா ஒன்பது மடங்கு. "கொஞ்சம்தானே அதிகம்"ங்கிற வார்த்தைக்கு இந்த விதியில இடமே இல்லை.

இப்ப 16 ஆம்பியர் எம்சிபியை எடுத்துட்டு 32 போட்டா என்ன ஆகும்? சுவத்துக்குள்ள வயர் அதே 2.5 தான். நம்ம பாஷையில சொன்னா, சர்வர் அதே பழைய சர்வர், அலர்ட்டை மட்டும் ம்யூட் பண்ணியாச்சு. லோடு குறையலை. நமக்குத் தெரியவர்றது மட்டும் நின்னுபோச்சு.

ஆறரை மணிக் கணக்கு

சரி, அந்த கிச்சனுக்குப் போவோம். நம்ம ஊர் வோல்டேஜ் 230. ஒரு சாமான் எத்தனை வாட்னு அடியிலயோ பின்னாலயோ எழுதியிருக்கும். அதை 230 ஆல வகுத்தா ஆம்பியர் வரும். மோட்டார் இருக்கிறதுக்கு இது தோராயம்தான், சூடாக்குற சாமான்களுக்குக் கிட்டத்தட்ட சரியா வரும்.

இண்டக்‌ஷன் 2000 வாட். 8.7 ஆம்பியர்.
கெட்டில் 1500 வாட். 6.5 ஆம்பியர்.
மைக்ரோவேவ், உள்ளே இழுக்கிறது 1200 வாட். 5.2 ஆம்பியர்.
ஃப்ரிட்ஜ் ஓடும்போது 150 வாட்னு வைங்க. 0.7 ஆம்பியர்.

கூட்டினா 21.1 ஆம்பியர். எம்சிபி 16 தான். அப்படின்னா உடனே விழணுமே, ஏன் வாரத்துல மூணு நாள் மட்டும் விழுது? இங்கதான் சுவாரசியம்.

16னு எழுதின எம்சிபி 16.1 வந்ததும் விழாது. வீட்டு எம்சிபிக்கான தரவிதி என்ன சொல்லுதுன்னா, எழுதின அளவை விட 1.13 மடங்கு கரண்ட் வந்தா ஒரு மணி நேரத்துக்கு விழக் கூடாது. 1.45 மடங்கு வந்தா ஒரு மணி நேரத்துக்குள்ள கண்டிப்பா விழணும். 16க்குக் கணக்கு போட்டா, 18.1 வரைக்கும் விழாது, 23.2 வந்தா ஒரு மணிக்குள்ள விழுந்தாகணும். நடுவுல இருக்கிறது அதோட இஷ்டம். நம்ம 21.1 சரியா அந்த நடுப்பகுதியில மாட்டுது.

உள்ளே என்ன நடக்குதுன்னா, ரெண்டு வேற உலோகத்தை ஒட்டின ஒரு தகடு இருக்கு. கரண்ட் போகப் போக சூடாகும், சூடானா வளையும், போதுமான அளவு வளைஞ்சதும் ஸ்விட்சைத் தட்டி விட்டுடும். அதனால எவ்வளவு கரண்ட்ங்கிறதோட எவ்வளவு நேரம்ங்கிறதும் முக்கியம். கெட்டில் நாலு நிமிஷத்துல நின்னுட்டா தப்பிச்சோம். அம்மா தேங்காய்ச் சட்னிக்கு மிக்சி போட்டாங்கன்னா இன்னும் ஒரு 3.3 ஆம்பியர், மொத்தம் 24.4. அன்னைக்கு விழுந்துடும். மே மாசம்னா டிபி பாக்ஸே சூடா இருக்கும், இன்னும் சீக்கிரம் விழும். எம்சிபிக்குப் பைத்தியம் பிடிக்கலை. அது கணக்குப் பிசகாம வேலை செய்யுது.

இப்ப 32 போட்ட உலகத்தைப் பாருங்க. அதே 1.13 கணக்குல 36 ஆம்பியர் வரைக்கும் அது அசையாது. மிக்சியோட சேர்த்து 24.4 ஆம்பியர் எவ்வளவு நேரம் போனாலும் அது வேடிக்கை பார்த்துட்டு இருக்கும். 16 ஆம்பியர்ல அந்த வயர்ல உண்டாகிற வெப்பத்தை ஒரு பங்குன்னு வைச்சா, 24.4ல அது 2.3 பங்கு. யாருக்கும் தெரியாம, சுவத்துக்குள்ள, தினமும் காலையில. ஒரு நாள்ல எதுவும் ஆகாது. அதனாலதான் "என் வீட்டுல பத்து வருஷமா இப்படித்தான் இருக்கு"ன்னு சொல்ற ஆளுங்க எல்லாத் தெருவுலயும் இருக்காங்க. நாம பேசுறது அடுத்த கோடைக்கும், அதுக்கு அடுத்த கோடைக்கும் அந்த உறை தாங்குமாங்கிறதைப் பத்தி.

எம்சிபி பார்க்காத சூடு

எம்சிபி சரியா இருந்துட்டா எல்லாம் சரியா? இல்லை. அதுக்குத் தெரியாத ஒரு ஆபத்து இருக்கு. லூஸ் கான்டாக்ட்.

பிளக் பின் சாக்கெட்டுக்குள்ள இறுக்கமா உக்காரலைன்னு வைங்க. அந்த இடத்துல ஒரு 0.3 ஓம் மின்தடை வந்தாலே போதும். இண்டக்‌ஷனோட 8.7 ஆம்பியர் அது வழியா போகும்போது, அந்த ஒரு புள்ளியில மட்டும் கிட்டத்தட்ட 23 வாட் வெப்பம். காலேஜ் லேப்ல பிடிச்ச சால்டரிங் அயர்ன் ஞாபகம் இருக்கா? அது 25 வாட். அதைக் கொண்டுபோய் சுவிட்ச் போர்டுக்குள்ள சொருகி வெச்ச மாதிரி. ஆனா மொத்தக் கரண்ட் கூடலையே, 8.7 தானே. எம்சிபிக்கு எல்லாம் நார்மல்.

இதைக் கண்டுபிடிக்க மீட்டர் வேண்டாம், கையும் மூக்கும் போதும். இண்டக்‌ஷனை அணைச்சு, சுவிட்சை ஆஃப் பண்ணி, பிளக்கைக் கழட்டிட்டு அதைத் தொட்டுப் பாருங்க. லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைக்க முடியாத சூடு, பின்ல கருப்பு, சாக்கெட் ஓட்டையைச் சுத்திப் பழுப்பு, பிளாஸ்டிக் தீயுற வாடை, சுவிட்ச் போடும்போது உள்ள "சிர்ர்"னு சத்தம். இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே அந்த சாக்கெட்டை நிறுத்துங்க. சாக்கெட் மாத்துறது பெரிய செலவு இல்லை.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இதே கதைதான். சாதாரண பாக்ஸ் 6 ஆம்பியர். 6 ஐ 230 ஆல பெருக்கினா 1380 வாட். கெட்டில் ஒண்ணே 1500. அதாவது நாலு ஓட்டை இருக்கிற அந்த பாக்ஸ், ஒரு கெட்டிலுக்கே போதாது. லேப்டாப், மொபைல், மானிட்டர் எல்லாம் தாராளமா போடுங்க. சூடாக்குற சாமான் எதுவும் அதுல வேண்டாம். கெட்டில், இண்டக்‌ஷன், அயர்ன் பாக்ஸ், ஹீட்டர், எதுவுமே.

பெரிய பின்னைச் சின்ன சாக்கெட்ல சொருக ஒரு கன்வெர்ட்டர் பிளக் கடையில தொங்கும். பின் தடிமனா இருக்கிறதே "என்னைச் சின்ன சாக்கெட்ல சொருகாதே"ன்னு சொல்றதுக்குத்தான். புரோகிராமர் பாஷையில அது டைப் செக். கன்வெர்ட்டர் போடுறது கம்பைலர் வார்னிங்கை அணைச்சுட்டு டெப்லாய் பண்ற மாதிரி.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துடலாம். டிபி பாக்ஸ்ல "டெஸ்ட்"னு ஒரு பட்டனோட இருக்கிறது ஆர்சிசிபி. அது கரண்ட் கசிஞ்சா, 30 மில்லிஆம்பியர் அளவுல, கட் பண்ணும். ஷாக் அடிக்காம நம்ம உயிரைக் காப்பாத்துறது அது. ஆனா லோடு அதிகமானா அது விழாது. அதே மாதிரி எம்சிபி ஷாக்குக்காக விழாது. ரெண்டும் வேணும். அந்த டெஸ்ட் பட்டனை அப்பப்ப அமுக்கிப் பாருங்க. விழலைன்னா அது சும்மா அலங்காரத்துக்கு உக்காந்திருக்குன்னு அர்த்தம், மாத்தணும்.

ஒரு லைன், மூணு சாமான்

இப்ப முக்கியமான கேள்வி. வயரும் மாத்த முடியாது, எம்சிபியும் மாத்தக் கூடாது, குழந்தைக்குப் பாட்டிலும் ரெடியாகணும். என்ன பண்றது?

ம்யூடெக்ஸ் தெரியும்ல? ரெண்டு த்ரெட் ஒரே ரிசோர்ஸைத் தொடக் கூடாதுன்னா பூட்டு போடுவோம். ஒருத்தர் முடிச்சதும் அடுத்தவர். கிச்சனும் அப்படித்தான். பெரிய சாமான் மூணுல ஒரே நேரத்துல ரெண்டு மட்டும். கணக்கு பாருங்க. இண்டக்‌ஷனும் மைக்ரோவேவும் ஃப்ரிட்ஜும் சேர்ந்தா 14.6. கெட்டிலும் மைக்ரோவேவும் ஃப்ரிட்ஜும் 12.4. இண்டக்‌ஷன், கெட்டில், ஃப்ரிட்ஜ் 15.9, விளிம்புல இருக்கு, ஆனா கெட்டில் ஓடுற கொஞ்ச நிமிஷத்துக்குத் தாங்கும். அந்த நிமிஷங்கள்ல மிக்சி மட்டும் வேண்டாம்.

"காலையில அதுக்கெல்லாம் எங்க நேரம்?"னு கேப்பீங்க. எவ்வளவு நேரம்னு பார்த்துடுவோம். ஒரு லிட்டர் தண்ணியை 30 டிகிரியில இருந்து 100க்குக் கொண்டு போக 293 கிலோஜூல் வேணும். 1500 வாட் கெட்டில்ல அது 195 விநாடி. வீணாகிற சூட்டையும் சேர்த்தா நாலு நிமிஷம்னு வைங்க. நாம பேசிட்டு இருக்கிற மொத்த ஆபத்தும் இந்த நாலு நிமிஷத்தை மிச்சம் பிடிக்கத்தான். ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா போட்டா இபி பில் கூடாது. ஏன்னா அதே தண்ணி, அதே சூடு, அதே யூனிட்.

இன்னும் நல்ல வழி, நேரத்தையே மாத்துறது. கெட்டில் தண்ணியை அஞ்சே முக்காலுக்குக் கொதிக்க வெச்சு ஃபிளாஸ்க்ல ஊத்திடலாம். பாட்டில் ஸ்டெரிலைஸ் பண்றதை ராத்திரியே முடிச்சு மூடி வெச்சிடலாம். கிரான் ஜாப் மாதிரி நினைச்சுக்கோங்க. பீக் நேரத்துல எது கட்டாயம் ஓடணும், எது முன்னாடியே ஓடினா போதும்? 15 லிட்டர் கீசரும் அப்படித்தான். 2000 வாட்ல 28 டிகிரி தண்ணி 60க்குப் போக சுமார் 17 நிமிஷம். எழுந்ததும் போட்டு, அது அணைஞ்ச பிறகு சமையலை ஆரம்பிக்கலாம். கீசருக்குத் தனி லைன் இல்லாத பழைய வீடுகள்ல இது ரொம்ப முக்கியம்.

இதுல ஒரு சின்னப் பொறி இருக்கு. இண்டக்‌ஷனை 2000ல இருந்து 1200க்குக் குறைச்சா கரண்ட் நிஜமாவே 5.2க்கு இறங்கும். நல்லது. ஆனா ரொம்பக் குறைச்சு 300, 400ல வெச்சா, நிறைய மாடல் முழு வேகத்துல கொஞ்ச நேரம் ஓடி, நின்னு, மறுபடி ஓடும். சாதாரண மைக்ரோவேவும் அப்படியே. பாதி பவர்னு வெச்சா பாதி கரண்ட் இழுக்காது, பாதி நேரம் முழுக் கரண்ட் இழுக்கும். அதனால மைக்ரோவேவைக் குறைச்சு வெச்சுட்டு லோடு குறைஞ்சதுன்னு நம்பாதீங்க.

இந்த ஏற்பாட்டுல ஒரு மனுஷப் பிரச்சினை உண்டு. கணக்கு நமக்குத் தெரியும், கிச்சன்ல நிக்கிறது அம்மா. "ஆம்பியர் பார்த்து சமைங்கம்மா"ன்னு சொன்னா வாங்கிக் கட்டிக்குவோம். எங்க பெருங்குடி ஃபிளாட்டுல நாங்க மூணு பேர். நாங்க பண்ணினது, பெரிய சாமான் ஒவ்வொண்ணுக்கும் பிளக்ல சிவப்பு டேப் ஒட்டினோம். விதி ஒரே வரி: "ரெண்டு சிவப்புக்கு மேல ஒரே நேரத்துல ஓடக் கூடாது." எங்க ஃப்ரெண்டோட அம்மா ஊர்ல இருந்து வந்தப்ப ஒரே நாள்ல பிடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் எங்களைத்தான் அவங்க அதட்டினாங்க: "டேய், ரெண்டு சிவப்பு ஓடுது, அயர்ன் பாக்ஸைக் கீழ வைடா."

ஹவுஸ் ஓனர்கிட்ட என்ன கேக்கணும்?

டைம்டேபிள் போட்டு சமாளிக்கிறது தற்காலிகம்தான். சரியான வழி, கிச்சனுக்கு இன்னொரு லைன். டிபி பாக்ஸ்ல இருந்து 4 சதுர மில்லிமீட்டர் வயர், அதுக்கேத்த தனி எம்சிபி, 16 ஆம்பியர் சாக்கெட், ஒழுங்கான எர்த். இண்டக்‌ஷன் அதுல போயிட்டா பழைய லைன் மூச்சு விடும்.

வாடகை வீட்டுல இதை நாமா செய்ய முடியாது, ஓனர்கிட்ட கேக்கணும். "சார், அடிக்கடி கரண்ட் போகுது"ன்னு மட்டும் சொல்லாதீங்க. உடனே "பெரிய எம்சிபி போட்டுக்கோங்க தம்பி"ன்னு பதில் வரும். இப்படிக் கேளுங்க: "சார், கிச்சன் லைன்ல 21 ஆம்பியர் போகுது, எம்சிபி 16 தான். பெரிசு போட்டா உங்க சுவத்துக்குள்ள வயர் சூடாகும். தனி லைன் இழுத்தா அடுத்து வர்றவங்களுக்கும் உதவும். செலவைப் பாதிப் பாதி பார்த்துக்கலாமா?" உங்க சுவர், உங்க வயர். அந்த ரெண்டு வார்த்தைக்கு எஃபெக்ட் இருக்கு. சுவத்தை உடைக்க வேண்டாம்னு சொன்னா, மேலாக பிவிசி சேனல் ஒட்டி லைன் கொண்டு போகலாம். அழகு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

எலெக்ட்ரீஷியன் வந்ததும் கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: "அண்ணே, உள்ள இருக்கிற வயர் எத்தனை ஸ்கொயர்?" அதைப் பார்க்காம எம்சிபியைப் பெரிசாக்கலாம்னு யார் சொன்னாலும் நன்றி சொல்லி அனுப்பிடுங்க. முதல்ல வயர், அதுக்கேத்த எம்சிபி. இந்த வரிசை மாறக் கூடாது.

எம்சிபி விழுந்தா என்ன பண்ணனும்னும் சொல்லிடறேன். ஓடிப்போய் உடனே தூக்கிவிடாதீங்க. முதல்ல அந்த லைன்ல ஓடின எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. அஞ்சு நிமிஷம் விடுங்க, உள்ள அந்தத் தகடு ஆறணும். அப்புறம் தூக்கிவிட்டு ஒண்ணொண்ணா போடுங்க. எதுவுமே ஓடாம, தூக்கின அடுத்த நொடியே விழுந்தா, அது லோடு பிரச்சினை இல்லை, எங்கயோ ஷார்ட். மறுபடி மறுபடி தூக்காதீங்க, ஆளைக் கூப்பிடுங்க. ஒரு குறிப்பிட்ட சாமானைப் போட்டா மட்டும் விழுந்தா, சாமான்தான் கோளாறு.

இந்த வாரம் உங்களுக்கு ஹோம்வொர்க், அரை மணி நேர வேலை. பகல்ல, வெளிச்சத்துல, லேப்டாப்ல வேலையை சேவ் பண்ணிட்டு, டிபி பாக்ஸ்ல ஒவ்வொரு எம்சிபியா ஆஃப் பண்ணுங்க. எந்தெந்த சாக்கெட் செத்துப் போகுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. அந்தந்த சாக்கெட்ல போடுற சாமானோட வாட்டையும் பக்கத்துல எழுதி, கூட்டி, 230 ஆல வகுத்துப் பாருங்க. அந்தப் பேப்பரை டிபி பாக்ஸ் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்க. கிச்சனும் பாத்ரூம் கீசரும் ஒரே எம்சிபியில இருக்குன்னு தெரிஞ்சு நிறைய பேர் ஆச்சரியப்படுவீங்க.

உங்க கிச்சன் கணக்கு எத்தனை ஆம்பியர் வந்துச்சுன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. சிக்கலா இருக்கிற ரெண்டு மூணு வீட்டை எடுத்து, எந்த சாமானை எங்க மாத்தலாம்னு அடுத்த எபிசோட்ல சேர்ந்து போட்டுப் பார்க்கலாம். அதுவரைக்கும், ரெண்டு சிவப்புக்கு மேல வேண்டாம். பார்ப்போம் மக்களே.